45 டாலர் கிட்டாரும் அதோட ஜெனரிக்குகளும் (நீண்ட த்ரெட்)

1/ போன வாரம் ஓபி முடிஞ்சு கிளம்பும்போது ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தர் தயங்கித் தயங்கி வந்தார். "அண்ணா, ஒரு டவுட்." ஏதோ கேஸ் பத்தித்தான்னு நினைச்சேன். "கிப்ஸன் ஜே-45 கிட்டார் வாங்கணும்னு காலேஜ் சேர்ந்ததுல இருந்து ஆசை. இரண்டரை லட்சத்துக்கு மேல ஆகுது. பர்சனல் லோன் போட்டுடலாமா?"

2/ "வேண்டாம்பா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாம். ஆனா ஆசைக்கு அது பதில் இல்லையே. அந்தக் கிட்டாரோட வரலாறு தெரிஞ்சா அவரே சரியான முடிவு எடுப்பார்னு தோணுச்சு. கேன்டீன்ல உட்கார்ந்து அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்க எழுதறேன். கிட்டார் வாசிக்காதவங்களும் தாராளமா படிக்கலாம். ஜெனரிக் மருந்து பத்தி எப்பவும் கேட்பீங்களே, அதுக்கும் இதுல பதில் இருக்கு.

3/ முதல்ல, ஜே-45ன்னா என்ன? கிட்டாரோட உடம்பு கழுத்தைச் சந்திக்கிற இடத்தைத் தோள்னு சொல்வாங்க. அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி பிரபலமாக்கின "ட்ரெட்நாட்" கிட்டாருக்குத் தோள் நிமிர்ந்து சதுரமா இருக்கும், பரேடுல நிக்கிற சிப்பாய் மாதிரி. 1906-ல் பிரிட்டன் இறக்கின ஒரு போர்க்கப்பலோட பேர்தான் அதுக்கு. ஜே-45க்குத் தோள் கீழ்நோக்கி வழிஞ்சு இறங்கும், நாள் முழுக்க மூட்டை தூக்கிட்டு வீட்டுத் திண்ணையில உட்கார்ந்த மனுஷன் மாதிரி. இதைத்தான் சரிந்த தோள் கிட்டார்னு சொல்றாங்க.

4/ அகலமான இடத்தில் 16 அங்குலம். கம்பியோட அதிரும் நீளம் 24¾ அங்குலம். மேல் பலகை ஸ்ப்ரூஸ் மரம். முதுகும் பக்கமும் மஹோகனி. சத்தம் எப்படி இருக்கும்? அடிக்குரல் கதகதப்பா, கொஞ்சம் கரகரப்பா. தட்டினதும் வரும், ரொம்ப நேரம் நீளாது. அதனால பாடுறவங்க குரலுக்கு இடம் விடும். "பாட்டுக்காரனோட கிட்டார்"னு பேர் வந்தது இதனால்தான்.

5/ பிறந்த ஊர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிற கலமசூ. டாக்டர்களுக்கு இந்த ஊரை வேற விதத்தில் தெரியும். வில்லியம் அப்ஜான் என்ற மருத்துவர் 1886-ல் இங்கதான் மாத்திரைக் கம்பெனி தொடங்கினார். அந்தக் காலத்து மாத்திரைகள் கல்லு மாதிரி இருக்கும், வயித்துல கரையாமலே வெளிய வந்துடும். கட்டைவிரலால் நசுக்கினாலே பொடியாகிற மாத்திரையை அவர் கொண்டுவந்தார். நாம இன்னிக்கும் எழுதற மெத்தில்ப்ரெட்னிசலோனைக் கொண்டுவந்ததும் அந்தக் கம்பெனிதான். பிற்காலத்தில் அது ஃபைசருக்குள் போச்சு. 2020 டிசம்பரில் ஃபைசர் கோவிட் தடுப்பூசி லாரிகள் முதன்முதலா கிளம்பினதும் கலமசூவை ஒட்டின போர்ட்டேஜ் ஆலையில இருந்துதான்.

6/ அதே ஊர்ல ஆர்வில் கிப்ஸன்னு ஒருத்தர் மாண்டலினும் கிட்டாரும் செஞ்சுட்டு இருந்தார். 1902-ல் அவர் பேர்ல கம்பெனி உருவாச்சு. 1917-ல் பார்சன்ஸ் தெருவில் பெரிய செங்கல் தொழிற்சாலை எழுந்தது. ஒரே ஊரு, ஒரு பக்கம் மாத்திரை, இன்னொரு பக்கம் கிட்டார். இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

7/ 1929-ல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிஞ்சது. வேலை இல்லை, கையில காசு இல்லை, கிட்டார் யார் வாங்குவா? மார்ட்டினோட பெரிய கிட்டாருக்குப் போட்டியா கிப்ஸன் 1934-ல் "ஜம்போ" கொண்டுவந்தது. சரிந்த தோள் குடும்பத்தோட மூத்தது அதுதான். விலை 60 டாலர். அந்தக் காலத்துல அது பெரிய தொகை. சரியா ஓடலை.

8/ கம்பெனி என்ன செஞ்சது தெரியுமா? 1936-ல் ஜம்போவை ரெண்டாப் பிரிச்சாங்க. காசு இருக்கிறவங்களுக்கு 80 டாலரில் அலங்காரத்தோட "அட்வான்ஸ்டு ஜம்போ". இல்லாதவங்களுக்கு அலங்காரம் குறைச்ச ஒரு கிட்டார், 35 டாலர். பேரு ஜே-35. ஆமா, விலைதான் பேரு! அலங்காரமான பேர் எதுவும் வைக்கலை. "இது 35 டாலர் கிட்டார், அவ்ளோதான்."

9/ அதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு. கிப்ஸன்னு பேர் போடாம, அதே தொழிற்சாலையில, "கலமசூ"ன்னு ஊர்ப்பேரைப் போட்டு இன்னும் மலிவா கிட்டார் செஞ்சாங்க. தபால் மூலம் பொருள் விற்கிற மான்ட்கோமரி வார்டு கம்பெனிக்காக "ரெக்கார்டிங் கிங்"ன்னு வேற பேர்லயும் செஞ்சு கொடுத்தாங்க. உள்ளே ஒட்டும் குச்சிகளை எளிமையா மாத்திச் செலவைக் குறைச்சாங்க. இடம் ஒண்ணு, ஆட்கள் ஒண்ணு, சீட்டு மட்டும் வேற. மருந்து உலகத்துல இருக்கிறவங்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பழக்கம்.

10/ 1942-ல் ஜே-35க்குப் பதிலா வந்தது ஜே-45. விலை 45 டாலர். இதுவும் பேர்லயே விலை. அதாவது தம்பி கனவு காண்கிற அந்தக் கிட்டார் பிறந்தப்போ அது ஆடம்பரப் பொருளே இல்லை. உழைக்கிற ஆள் காசு சேர்த்து வாங்குற கருவி.

11/ அதோட அழகுன்னு இன்னிக்குச் சொல்ற பழுப்பு-மஞ்சள் சன்பர்ஸ்ட் பூச்சு கூட முழுக்க அழகுக்காக வந்ததில்லை. ஓரத்துல அடர்த்தியா நிறம் ஏத்தினா சாதாரண மரத்துல இருக்கிற கோடு, கறை, நிற வித்தியாசம் எல்லாம் மறைஞ்சிடும். குறையே இல்லாத மரத்தை மரம் நிறத்துலயே விடலாம். இயற்கை நிறத்தில் பின்னால வந்த அண்ணன்-தம்பிதான் ஜே-50. சிக்கனத்துக்குப் பூசின வண்ணம், 80 வருஷத்துல கௌரவச் சின்னமாயிடுச்சு.

12/ 1942-ல 45 டாலர்னா இப்போ எவ்வளவு? அமெரிக்க விலைவாசிக் குறியீட்டை வெச்சுப் பார்த்தா 2024-ல ஏறத்தாழ 870 டாலர். ஆனா இன்னிக்குப் புது ஜே-45 ஸ்டாண்டர்டு அங்க 3,000 டாலர் வாக்கில் போகுது. மூணு மடங்குக்கும் மேல. இந்த 870ங்கிற எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசியில வேணும்.

13/ இப்போ இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1942ன்னா உலகப் போர். அமெரிக்கா போருக்குள்ள இறங்கியாச்சு. ஆம்பளைங்க ராணுவத்துக்குப் போயாச்சு. இரும்பு, பித்தளை எல்லாத்துக்கும் கட்டுப்பாடு. கழுத்து வளையாம இருக்க உள்ளே வைக்கிற இரும்புக் கம்பி இல்லாமலே சில கிட்டார்கள் வெளிவந்தன. ஸ்ப்ரூஸ் இல்லாதப்போ மேல் பலகையையே மஹோகனியில செஞ்சதும் உண்டு. கிடைச்ச மரத்தை வெச்சு ஓட்டினாங்க.

14/ போர்க்காலத்துல கிட்டார் உற்பத்தியை நிறுத்திட்டோம், ராணுவத்துக்கான பொருள்தான் செஞ்சோம்னு கம்பெனி தரப்புல ரொம்ப காலம் சொல்லிட்டு இருந்தாங்க. ஆனா 1942 முதல் 1945 வரைக்கும் வந்த கிட்டார்கள் நிறைய கிடைக்குது! தலைப்பகுதியில "கிப்ஸன் மட்டும்தான் உங்க தரத்துக்குச் சரி"ங்கிற அர்த்தத்துல ஒரு வாசகம் பட்டயம் மாதிரி எழுதியிருக்கும். சேகரிப்பாளர்கள் இவற்றை "பேனர் கிப்ஸன்"னு சொல்வாங்க. பழைய ஜே-45களில் பலரும் தலைமேல் வெச்சுக் கொண்டாடுறது இவற்றைத்தான். அப்போ இவற்றைச் செஞ்சது யாரு?

15/ ஜான் தாமஸ்னு ஒரு சட்டப் பேராசிரியர், கிட்டார் பைத்தியம். அவர் கையில ஒரு பழைய புகைப்படம் சிக்குச்சு. போர்க்காலத்தில் கிப்ஸன் தொழிற்சாலை முன்னால எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் உட்கார்ந்து எடுத்த குரூப் போட்டோ. கலமசூவில் தேடிப் போய், அப்போ உயிரோட இருந்த சிலரைக் கண்டுபிடிச்சுப் பேசினார். எல்லாரும் ரொம்ப வயசானவங்க. "கலமசூ கேர்ல்ஸ்"ங்கிற பொருள்ல பேர் வெச்சு அதைப் புத்தகமாவும் எழுதினார்.

16/ பெரும்பாலும் இசைக்கருவி செஞ்சு பழக்கமே இல்லாத உள்ளூர்ப் பெண்கள். ஆண்கள் போருக்குப் போன இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாங்க. பலகை தேய்ச்சாங்க, ஒட்டினாங்க, கம்பி கட்டினாங்க. சம்பளம் வாங்கிட்டு வீட்டுக்குப் போனாங்க. போர் முடிஞ்சு ஆண்கள் திரும்பினதும் பெரும்பாலானவங்க வேலையை விட்டுட்டாங்க. கிட்டார்ல அவங்க பேர் இல்லை. கம்பெனி வரலாற்றுலயும் பல பத்தாண்டுகள் அவங்க பேர் இல்லை.

17/ டாக்டரா நான் இந்தப் புத்தகத்தை விரும்பக் காரணம் அடுத்து வர்றது. தாமஸ் அந்தக் கிட்டார்களை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தார்! போருக்கு முன்னால் செஞ்சது, போர்க்காலத்தில் பெண்கள் செஞ்சது, போருக்குப் பின்னால் செஞ்சது, எல்லாத்தையும் ஒப்பிட்டார். பெண்கள் செஞ்சதுல பலகைகளும் உள்குச்சிகளும் சற்று மெலிசா, நுணுக்கமா இழைக்கப்பட்டிருந்தன. நூலிழை வித்தியாசம்தான். ஆனா மேல் பலகை மெலிசா இருந்தா லேசா அதிரும், சத்தம் திறந்து வரும்.

18/ யோசிச்சுப் பாருங்க. "கிப்ஸன் மட்டும்தான் சரி"ன்னு தலையில் எழுதியிருக்கு. ஆனா செஞ்ச கையை வெளிய சொல்லலை. பெண்கள் செஞ்சதுன்னு தெரிஞ்சா மதிப்புக் குறையும்னு நினைச்சாங்களோ என்னவோ. இன்னிக்கு அதே கிட்டார்கள்தான் அதிக மதிப்புள்ளவை. இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. "அந்த நாட்டுல செஞ்சதா? அப்போ வேண்டாம்"னு சொல்ற வாய்க்கு இது ஒரு பதில்.

19/ போருக்கு அப்புறம் ஜே-45 எங்கெங்கோ போச்சு. பட்டி ஹாலி தன்னோடதுக்கு வேலைப்பாடு செஞ்ச தோல் உறை போட்டு வெச்சிருந்தார். 1962-ல் வந்த பாப் டிலனோட முதல் ஆல்பம் அட்டையில் அவர் கையில் இருப்பது அண்ணன்-தம்பி ஜே-50. 45 டாலர் கிட்டார், பாட்டுக்காரர்களோட அடையாளம் ஆச்சு. அடையாளம் ஆனதும் என்ன நடக்கும்? ஆளாளுக்கு அதே வேணும்பாங்க.

20/ ஆனா அதே சமயம் உள்ளே சரக்கு மாற ஆரம்பிச்சது. 1950களின் கடைசியில திருகி உயரம் மாத்துற கனமான பாலம் வந்தது. 1960களில் பிளாஸ்டிக் பாலம். 1969-ல் கம்பெனி கை மாறிப் பின்னால் நார்லின்ங்கிற குழுமத்துக்குள் போச்சு. அந்தச் சமயத்துலதான் ஜே-45ஓட தோளே சதுரமாயிடுச்சு! பலகை உடைஞ்சு வாரண்டியில திரும்பி வரக் கூடாதுன்னு உள்குச்சிகளையும் தடிமனாக்கி, கூடுதலாவும் ஒட்டினாங்க. கிட்டார் உடையலை. ஆனா சத்தம் அடைச்சுப் போச்சு.

21/ இதை அழுத்திச் சொல்றேன். 1970களில் கடைக்குப் போய், கிப்ஸன்னு பேர் போட்ட, ஜே-45ன்னு சீட்டு ஒட்டின கிட்டாரை முழு விலை கொடுத்து வாங்கினவருக்குக் கிடைச்சது சரிந்த தோள் கிட்டாரே இல்லை. பேரு ஒரிஜினல், உள்ளடக்கம் வேற. 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியே நின்னுது. 1984-ல்தான் பழைய தோளோட திரும்ப வந்தது. அதே வருஷம் கலமசூ தொழிற்சாலை மூடப்பட்டது. 1989 முதல் இந்தக் கிட்டார்கள் மொன்டானா மாநிலத்தின் போஸ்மேனில் தயாராகுது. அங்க செய்றது நல்ல தரம், அதுல சந்தேகம் இல்லை.

22/ சரி, மாற்றுக் கிட்டார்களோட கதைக்கு வருவோம். சிகாகோவில் ஹார்மனின்னு ஒரு கம்பெனி, மலிவா லட்சக்கணக்கில் செஞ்சு தள்ளினவங்க. ஒரு காலத்துல சியர்ஸ் என்ற தபால் வியாபாரக் கம்பெனியோட கையில இருந்தது. அவங்களோட "சாவரின்" பெரிய கிட்டார் பணக்காரக் கிட்டார் கிடையாது. லெட் ஜெப்லின் குழுவோட ஜிம்மி பேஜ் 1970களின் தொடக்கத்தில் வெச்சிருந்த அக்கூஸ்டிக் கிட்டார்களில் அது முக்கியமானது.

23/ அடுத்தது எபிஃபோன். நியூயார்க்கில் இருந்த கிரேக்கக் குடும்பத்தோட கம்பெனி, கிப்ஸனுக்கு நேர் எதிரி. 1957-ல் கிப்ஸனோட தாய் நிறுவனம் அதை வாங்கிக் கலமசூவுக்கே கொண்டுவந்தது. 1958-ல் எபிஃபோன் பேர்ல "டெக்ஸன்"னு ஒரு சரிந்த தோள் கிட்டார் வந்தது. உடம்பு ஜே-45 ஜாடைதான், கம்பி நீளம் மட்டும் 25½ அங்குலம். அன்னிக்கு இது மலிவுச் சரக்கு இல்லைங்கிறதையும் சொல்லணும். கிப்ஸன் டீலர்ஷிப் கிடைக்காத கடைகள்ல விக்கிறதுக்கான இரண்டாவது பேர்.

24/ 1964-ல் பால் மெக்கார்ட்னி ஒரு டெக்ஸன் வாங்கினார். அவர் இடதுகைக்காரர். வலதுகைக் கிட்டாரையே திருப்பிக் கம்பி மாத்திக்கிட்டார். 1965 ஜூனில் "யெஸ்டர்டே" பாட்டைப் பதிவு பண்ணினது அதை வெச்சுத்தான். உலகத்துலயே அதிகம் பேர் திரும்பப் பாடின பாட்டுகள்ல ஒண்ணு. தலையில கிப்ஸன்னு இல்லை, எபிஃபோன்னு இருந்தது. யாராவது "இது ஒரிஜினல் இல்லையே"ன்னு கேட்டாங்களா?

25/ இன்னொரு பீட்டில் கதை. ஜான் லெனான் 1962-ல் வாங்கின கிப்ஸன் ஜே-160இ, இதுவும் சரிந்த தோள்தான். 1963 கடைசியில திருடு போச்சு. 2015-ல் ஏலத்துல ஏறத்தாழ 24 லட்சம் டாலருக்குப் போச்சு! இந்த மாடலோட மேல் பலகை என்ன தெரியுமா? பிளைவுட். ஒலிபெருக்கியில் கீச்சுனு சத்தம் வராம இருக்கத் தெரிஞ்சே ஒட்டுப்பலகை போட்டாங்க. "பிளைவுட்னா குப்பை"ன்னு கடையில யாராவது சொன்னா இந்தக் கதையைச் சொல்லுங்க. (பொதுவா மேல் பலகை ஒரே மரமா இருக்கிறதுதான் நல்லது, அதுக்கு அப்புறம் வர்றேன்.)

26/ பிறகு ஜப்பான். யமஹா 1966-ல் எஃப்ஜி வரிசையைத் தொடங்கினது. முழுக்க ஒட்டுப்பலகை, கச்சிதமான வேலை, குறைஞ்ச விலை. 1969 வுட்ஸ்டாக் விழா மேடையில கன்ட்ரி ஜோ மெக்டொனால்டு தனியா நின்னு பாடினப்போ கையில் இருந்தது ஒரு யமஹா எஃப்ஜி-150. இன்னொரு பக்கம் ஜப்பானியக் கம்பெனிகள் அமெரிக்கக் கிட்டார்களை அச்சு அசலா நகல் எடுக்க ஆரம்பிச்சாங்க.

27/ 1977-ல் நார்லின் குழுமம் ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. எதுக்காக? சத்தத்துக்காக இல்லை. உடம்பு வடிவத்துக்காகக் கூட இல்லை. தலைப்பகுதியோட வடிவத்துக்காக! திறந்து வெச்ச புத்தகம் மாதிரி இருக்கிற அந்த உச்சி வளைவுக்காக. கோர்ட்டுக்கு வெளிய சமாதானமாப் போச்சு. மாத்திரையோட நிறத்துக்கும் பேருக்கும் சண்டை போடலாம். மூலக்கூறுக்குக் காப்புரிமை முடிஞ்ச பிறகு யாரும் செய்யலாம். கதை அதேதான்.

28/ இப்போ ஜெனரிக் மருந்துக்கு வர்றேன். ஜெனரிக்னா போலி இல்லை. அதே மூலப்பொருள் உள்ளே இருக்கணும். அது ரத்தத்துல எவ்வளவு சேருது, எவ்வளவு வேகமாச் சேருதுங்கிறது ஒரிஜினலோட ஒத்துப் போகணும். மாவு, நிறம், அட்டை எல்லாம் வேறயா இருக்கலாம். மக்கள் மருந்தகத்துல வாங்குற மாத்திரை பத்தி உங்களுக்கு நான் சொல்ற அதே விதிதான். கேள்வி ஒண்ணுதான்: கிட்டார்ல மூலப்பொருள் எது, மாவு எது?

29/ இதுக்கு ஆய்வே இருக்கு. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்டது. ஒரே கைவினைஞர்கிட்ட 6 கிட்டார்கள் செய்யச் சொன்னாங்க. எல்லாமே ஒரே வடிவம், முதுகு-பக்க மரம் மட்டும் வேற வேற: பிரேசில் ரோஸ்வுட், நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி, மஹோகனி, மேப்பிள், சப்பேலே, வால்நட். 52 கிட்டார் கலைஞர்களை, வெல்டிங் கண்ணாடி மாட்டி, மங்கலான அறையில் வாசிக்க வெச்சாங்க.

30/ முடிவு? ஒலித் தரத்துக்கு அவங்க கொடுத்த மதிப்பெண்களில் பெரிய வித்தியாசம் இல்லை. எது எந்தக் கிட்டார்னு பிரிச்சு அறியறதுலயும் திணறினாங்க. விலை அதிகமான பிரேசில் மரமும், மலிவான சப்பேலேவும் கண்ணைக் கட்டினா கிட்டத்தட்ட ஒண்ணுதான். பாரிஸில் 10 முன்னணி வயலின் கலைஞர்களை வெச்சு இதே மாதிரி பண்ணினப்போ 6 பேர் ஸ்ட்ராடிவேரி காலத்துப் பழசுகளை விட்டுட்டுப் புது வயலினைத் தேர்ந்தெடுத்தாங்க. கண்ணும் விலைச்சீட்டும் காதை ஏமாத்தும். மருந்துல பிளாசிபோ மாதிரியேதான்.

31/ அப்போ மூலப்பொருள்கள் எவை? என் பட்டியல்:
ஒண்ணு, மேல் பலகை ஒரே மர ஸ்ப்ரூஸா இருக்கணும்.
ரெண்டு, உள்குச்சிகள் எக்ஸ் வடிவத்தில் லேசா இழைச்சிருக்கணும்.
மூணு, சரிந்த தோள், 16 அங்குல உடம்பு.
நாலு, கம்பி நீளம் 24¾ அங்குலம் ஒட்டி.
பேரு, பூச்சு, முதுகு மரத்தோட வம்சாவளி இதெல்லாம் பெரும்பாலும் மாவு.

32/ கம்பி நீளம் பத்தி டாக்டரா ஒரு வார்த்தை. ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏத்தினா, இழுவிசை நீளத்தோட வர்க்கத்தைப் பொறுத்து மாறும். 25½ அங்குலத்துக்குப் பதிலா 24¾ன்னா சுமார் 6 சதவீதம் இழுவிசை குறையும். கேட்க கம்மியாத் தெரியும். ராத்திரி டியூட்டி முடிஞ்சு வந்து வாசிக்கிற விரலுக்கு அது தெரியும். ஜே-45 கைக்கு இதமா இருக்கு, அடிக்குரல் தளர்வா இருக்குன்னு சொல்றதுல இதுக்கும் ஒரு பங்கு உண்டு.

33/ இந்த நாலும் பொருந்துற, அல்லது கிட்ட வர்ற கிட்டார்கள் இன்னிக்கு இருக்கு. 2020-ல் எபிஃபோன் வெளியிட்ட ஜே-45: மேல், முதுகு, பக்கம் மூணுமே ஒரே மரப்பலகை. வயலின் செஞ்சு பழகின ஈஸ்ட்மேன் கம்பெனியோட இ1எஸ்எஸ், அதுக்கு மேல இ10எஸ்எஸ். இன்னும் குறைவா வேணும்னா சிக்மா ஜேஎம்-எஸ்ஜி45: மேல் பலகை மட்டும் ஒரே மரம், மத்தது ஒட்டுப்பலகை. சிக்மா 1970-ல் மார்ட்டின் தொடங்கின மலிவு பிராண்டு, இப்போ வேற கைக்குப் போயிடுச்சு. அதுவே கிப்ஸன் ஜாடையில கிட்டார் செய்யுதுங்கிறது ஒரு வேடிக்கை.

34/ இப்போ அந்த 870 டாலரை எடுங்க. எபிஃபோன் ஜே-45 அமெரிக்கக் கடைகள்ல 800-900 டாலர் வாக்கில் போகுது. அதாவது 1942-ல் ஒரு தொழிலாளி ஜே-45க்குக் கொடுத்த அதே மதிப்பு. 45 டாலர் கிட்டார் எங்கயும் போகலை. தலையில வேற பேரோட, வேற நாட்டுல, பேர் தெரியாத வேற கைகள் அதைச் செஞ்சுட்டு இருக்கு. கலமசூ பெண்களை அன்னிக்கு மறைச்ச மாதிரி, இன்னிக்குத் தொழிற்சாலையில பலகை தேய்க்கிறவங்க பேரும் நமக்குத் தெரியாது. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தா என்ன தெரியுமோ!

35/ நேர்மையா மறுபக்கமும் சொல்றேன். வலிப்பு மருந்து, தைராய்டு மருந்து மாதிரி சிலதுல சின்ன வித்தியாசமும் முக்கியம். அங்க அடிக்கடி பிராண்டு மாத்தாதீங்கன்னு நாங்களே சொல்வோம். அது மாதிரி, ஸ்டுடியோவுல பதிவு பண்றதே பிழைப்பா இருக்கிறவங்களுக்குப் போஸ்மேன் ஜே-45ல இருக்கிற அந்தக் கடைசி நுணுக்கம் காசுக்குத் தகுதியானதுதான். மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, லேசான கட்டுமானம், திரும்ப விக்கும்போது கிடைக்கிற விலை, எல்லாம் நிஜம். வசதி இருந்தா வாங்குங்க, தப்பே இல்லை. கடன் வாங்கி வேண்டாம்.

36/ நம்ம ஊருக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் கிட்டார்கள் 45-55 சதவீத ஈரப்பதத்துக்காகச் செஞ்சவை. சென்னை மாதிரி கடலோர ஊர்ல அதைவிட ரொம்ப அதிகம். முழுக்க ஒரே மரம்னா உப்பும், பலகை வயிறு தள்ளும், கம்பி உயரும். அப்புறம் ஏசி அறையில வெச்சா காயும். பெட்டிக்குள்ள வெச்சு மூடுங்க. ஈரத்தை உறிஞ்சுற சின்னப் பை போடுங்க. இதெல்லாம் முடியாதுன்னா முதுகும் பக்கமும் ஒட்டுப்பலகை இருக்கிறதே நம்ம காத்துக்குத் தாங்கும். சில இடத்துல மலிவுதான் சரியான மருந்து.

37/ இன்னொண்ணு. எந்தக் கிட்டார் வாங்கினாலும் விவரம் தெரிஞ்ச ஆள்கிட்ட கொடுத்து செட்டப் பண்ணுங்க. 12ஆவது கட்டையில கம்பிக்கும் கட்டைக்கும் இடைவெளி இரண்டு, இரண்டரை மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். கம்பி தூக்கி இருந்தா விரல் நுனி புண்ணாகும், மணிக்கட்டு வலிக்கும். "எனக்குக் கிட்டார் வராது டாக்டர்"னு விட்டவங்க பல பேருக்கு வராதது கிட்டார் இல்லை, செட்டப்.

38/ கதை முடிஞ்சதும் தம்பி கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் கேட்டார்: "அண்ணா, எல்லாம் சரி. ஆனா தலையில அந்தப் பேரு இருக்கணும்னு ஒரு ஆசை இருக்கே, அதை என்ன பண்றது?" நியாயமான கேள்வி. ஆசையைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். "கண்ணை மூடிக்கிட்டு ரெண்டையும் அரை மணி நேரம் வாசி. அதுக்கப்புறமும் அந்தப் பேருதான் வேணும்னா, பிஜி முடிச்சு, சொந்தச் சம்பாத்தியத்துல வாங்கு. அதுவரைக்கும் கையில ஒரு கிட்டார் இருக்கட்டும். கிட்டாரே இல்லாம அஞ்சு வருஷம் காத்திருந்தா விரல் மறந்துடும்"னேன்.

39/ ஞாயித்துக்கிழமை கடைக்குப் போறோம். நான் பேரைப் பார்க்காம இருக்க அவர் கண்ணைப் பொத்தணுமாம், அவர் கண்ணை நான் பொத்தணுமாம். எது ஜெயிச்சதுன்னு வந்து சொல்றேன்.

40/ டிஸ்கி: எந்தக் கம்பெனியும் எனக்குக் காசோ கிட்டாரோ கொடுக்கலை. விலை ஊருக்கு ஊர் மாறும், விசாரிச்சு வாங்குங்க. வீட்டுல மூலையில தூசி படிஞ்சு ஒரு கிட்டார் கிடந்தா முதல்ல அதுக்குப் புதுக் கம்பி மாத்துங்க. அதைவிட மலிவான மாற்று எதுவும் இல்லை.